வரையாடு தெரிந்த பிள்ளைக்குக் கரிபூ புரியும்

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் திக்காமல் திணறாமல் வாசித்துவிட்டால் நமக்கு மனசு குளிர்ந்துவிடுகிறது. "பரவாயில்லையே, நல்லா படிக்குதே" என்று தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். படித்ததில் என்ன புரிந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ராசிங்காபுரத்தில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கப் பழக்குகிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிற கட்டத்தைத் தாண்டிய பிள்ளைகள்கூட அர்த்தத்தின் வாசலிலேயே நின்றுவிடுவதைத் தினமும் பார்க்கிறேன். அதற்கு என்ன செய்யலாம், எங்கள் ஊரில் எது பலன் தந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. ஆசிரியர்களும் பெற்றோர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். போடியிலிருந்து தேவாரம் போகிற பாதையில், மலையடிவாரத்தில் இருக்கிறது ராசிங்காபுரம். மேற்கே திரும்பினால் மலைதான் கண்ணில் படும். அந்த மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம்; பூப்பாறை, சாந்தாம்பாறை, உடும்பன்சோலை என்று ஏலக்காய்த் தோட்டங்கள். விடிவதற்கு முன்னாலேயே இந்த வட்டாரத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறிவிடும். காய் எடுக்கவும் களை எடுக்கவும் போன அம்மாக்கள் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புவார்கள். அதுவரை பிள்ளைக்கு அம்மாச்சியோ அப்பத்தாவோதான் துணை. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற குடும்பங்களும் போடி, தேவாரம், கோம்பைப் பக்கம் நிறைய உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழ் தெருவில் வந்துவிடும்; புத்தகத் தமிழ் பள்ளிக்கூடத்தில்தான் வர வேண்டும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் கையில் ஒரு பயிற்சித்தாள் கிடைத்தது. இணையத்திலிருந்து எடுத்து யாரோ தமிழாக்கியது. வட அமெரிக்காவின் பனிப்பிரதேசத்தில் வாழும் கரிபூ என்ற மானைப் பற்றி ஒரு பத்தி, அதன் கீழே கேள்விகள். 'கரிபூக்கள் தூந்திரப் பகுதியில் வாழ்கின்றன. அவை லைக்கன்களை உண்கின்றன' என்கிற மாதிரி வாக்கியங்கள். 'கரிபூக்கள் எவற்றை உண்கின்றன?' என்பது கேள்வி. எல்லாப் பிள்ளைகளும் 'லைக்கன்களை உண்கின்றன' என்று எழுதிவிட்டார்கள். திருத்துகிறவருக்கு எல்லாமே சரி. "லைக்கன்னா என்ன?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பையன், "பிஸ்கட்டா அக்கா?" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த தின்பண்டங்களில் எது இந்தப் பெயருக்குப் பொருந்தும் என்று யோசித்துத்தான் சொன்னான்.

இந்த மாதிரிக் கேள்விகளால் புரிதலை அளக்கவே முடியாது. தமிழில் வேற்றுமை உருபே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். 'கிம்புலி தாவட்டில் நொசித்தது' என்று அர்த்தமே இல்லாத ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதுங்கள். கிம்புலி எங்கே நொசித்தது என்று கேளுங்கள். 'தாவட்டில்' என்று பிள்ளை டக்கென்று சொல்லும். எது நொசித்தது என்றால் 'கிம்புலி' என்று சொல்லும். தாவட்டு காடா கடலா, நொசிப்பது தூங்குவதா ஓடுவதா, எதுவும் தெரியாமலே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். நம் பிள்ளைகள் வருடக்கணக்கில் இப்படித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் கேள்வி கொஞ்சம் சுற்றி வளைத்து வந்ததும் திகைத்துப்போகிறார்கள். அப்போது நாம் பிள்ளைக்கு மூளை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

மூளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசித்துப் புரிந்துகொள்வதற்கு இரண்டு விஷயங்கள் சேர வேண்டும் என்று 1986-இல் காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் எளிமையாக வகுத்துச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று; அந்தச் சொற்களை யாராவது வாய்விட்டுச் சொன்னால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் கூட்டல் கணக்காக அவர்கள் போடவில்லை, பெருக்கல் கணக்காகப் போட்டார்கள். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கரிபூ பத்தியை நானே சத்தமாக வாசித்துக் காட்டியிருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்திருக்காது. ஆக, அங்கே குறை வாசிப்பில் இல்லை.

1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் செய்த ஓர் ஆய்வை ஒவ்வோர் ஆசிரியரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். நன்றாக வாசிப்பவர், சுமாராக வாசிப்பவர் என்று ஒரு பிரிவு. பேஸ்பால் தெரிந்தவர், தெரியாதவர் என்று இன்னொரு பிரிவு. வாசித்த ஆட்டத்தை மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும், பிறகு வாயால் சொல்ல வேண்டும். பேஸ்பால் தெரிந்த சுமார் வாசிப்பாளர்கள், அது தெரியாத நல்ல வாசிப்பாளர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்தவனுக்கு வாசிப்பு வசப்படுகிறது. நம் ஊரில் கிரிக்கெட்டை வைத்து இதைச் சோதித்தாலும் இதே முடிவுதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியென்றால் ராசிங்காபுரத்துப் பிள்ளைக்குக் கரிபூவே வேண்டாமா? வேண்டும். மலையடிவாரத்துப் பிள்ளைக்கு மலையடிவாரம் மட்டும் போதும் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. உலகம் முழுக்க அதற்குச் சொந்தம். ஆனால் போகிற வழி வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும். நான் வரையாட்டிலிருந்து தொடங்கினேன்.

வரையாடு நம் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. போடிமெட்டு ஏறி மூணாறு தாண்டினால் இரவிகுளம் தேசியப் பூங்கா. வரையாடு மிக அதிகமாக வாழும் இடம் அதுதான். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு மெட்டின் கொண்டை ஊசி வளைவுகளும், மேலே போகப் போகக் காது அடைப்பதும், பனிமூட்டமும் பழக்கம். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய் வந்திருப்பார்கள். தெருவுக்குத் தெரு வெள்ளாடு இருக்கிறது. வரையாட்டை நேரில் பார்க்காவிட்டாலும் அதைப் புரிந்துகொள்ளத் தேவையான சரக்கு எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பிள்ளைகளுக்காக நான் எழுதிய பத்தி இது:

'வரையாடு மலை உச்சியில் உள்ள புல்வெளியில் மேயும். பக்கத்திலேயே செங்குத்தான பாறை இருக்கிற இடமாகப் பார்த்து மேயும். செந்நாய்க் கூட்டமோ சிறுத்தையோ வந்தால் பாறைப் பக்கம் ஓடிவிடும். அதன் குளம்பின் ஓரம் கெட்டியாகவும் உள்பக்கம் மெத்தென்றும் இருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்பு உண்டு. வயது முதிர்ந்த ஆணின் முதுகில் வெள்ளிநிறப் பட்டை தெரியும். குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கும். ஓர் ஈற்றுக்கு அநேகமாக ஒரு குட்டிதான். இரவிகுளம் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுவது வழக்கம்.'

கடைசி வரியில் காரணத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். கேள்விகளை நாலு படியாக வைத்தேன். முதல் படி, விடை ஒரே வரியில் இருப்பது: வரையாடு எங்கே மேயும்? இது சும்மா வாயைத் திறக்கவைக்க. இரண்டாம் படி, இரண்டு வரியைச் சேர்த்தால்தான் விடை வருவது: நல்ல புல் இருக்கிறது, பக்கத்தில் பாறையே இல்லை, அங்கே வரையாடு தங்குமா? மூன்றாம் படி, பத்தியோடு தன் அனுபவத்தையும் சேர்க்க வேண்டியது: பூங்காவை ஏன் மூடுகிறார்கள்? நாலாம் படி, பத்தியில் விடையே இல்லாதது: வரையாடு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? 'இதுல அது இல்ல' என்று சொல்லத் தெரிவதும் வாசிப்புதான். இட்டுக்கட்டி எழுதுகிற பழக்கத்தை ஆரம்பத்திலேயே நிறுத்த இந்த நாலாம் படி ரொம்ப உதவுகிறது.

பூங்கா கேள்விக்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன். "எங்க அம்மாச்சி, ஆடு குட்டி போட்டிருக்கப்ப தெரு நாயையும் கிட்ட விடாது, வேத்தாளையும் கிட்ட விடாது. தாய் மிரண்டுருமாம். அதே மாதிரிதான் அக்கா" என்றாள் ஒரு பெண். உடனே பக்கத்தில் இருந்தவன், "குட்டி ஜனவரியிலயே பொறந்துருதே, பெறகு எதுக்கு மார்ச்சு வரைக்கும் மூடணும்?" என்று மடக்கினான். "பொறந்த ஒடனே பெருசாயிருமா? பால் குடிக்கணும்ல" என்று அவளே பதிலும் சொன்னாள். எழுதினவர் விட்ட இடைவெளியை வாசிக்கிறவர் தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்புவது இதுதான். இந்தப் பிள்ளை வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை. அன்றைக்கு எல்லோரையும்விட ஆழமாக வாசித்தவள் அவள்தான்.

குளம்பு பற்றிய வரியில் ஒரு சுணக்கம் வந்தது. உள்பக்கம் மெத்தென்றிருப்பதற்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளாட்டைப் பிடித்துவந்து, ஒரு பையன் முன்னங்காலை மடக்கித் தூக்கிக் காட்டினான். பிளந்த குளம்பின் ஓரத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார்கள். நடுப்பகுதியை விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். ஓரம் கல்லின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும், உள்பக்கம் பாறையில் அழுந்திப் பிடிக்கும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். திரும்ப வந்து அந்த வரியை வாசித்தபோது குரலே மாறியிருந்தது. அர்த்தம் தெரிந்து வாசிக்கிற பிள்ளை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று தானாகவே அறிந்துகொள்கிறது. ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் விலங்கை மாற்றவில்லை. வரையாட்டின் உறவுமுறை பற்றி ஒரு பத்தி: ஆடு என்று அழைத்தாலும் மரபணு வழியில் அது செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று 2005-இல் கண்டறிந்து, தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். மலைப் புல்வெளிகளில் சீகை, யூகலிப்டஸ் மரங்களை நட்டதால் மேய்ச்சல் நிலம் குறைந்தது பற்றி ஒரு பத்தி. இ.ஆர்.சி. டேவிதார் 1975-இல் வரையாடுகளைப் பற்றிச் செய்த முன்னோடி ஆய்வு பற்றியும், அவர் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாக அரசு கடைப்பிடிப்பது பற்றியும் ஒரு பத்தி. இன்றைக்கு ஒட்டகம், நாளைக்கு எரிமலை, மறுநாள் காந்தி என்று தாவினால் ஒவ்வொரு நாளும் சொற்கள் புதிது, விஷயம் புதிது. பிள்ளை ஒவ்வொரு நாளும் முதல் படியில்தான் நிற்கும். ஒரே பொருளில் நாலைந்து பத்தி தொடர்ந்து வாசித்தால் மேய்ச்சல், ஈற்று, குளம்பு, இரை, வாழிடம் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் நாள் திணறிய சொல் ஐந்தாம் நாள் பேச்சிலேயே வந்துவிடும்.

எண்களையும் வாசிக்கப் பழக்க வேண்டும். தமிழ்நாட்டு வரையாடு திட்டத்தின் கணக்கெடுப்பில் 2024-இல் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303. இதைப் பலகையில் எழுதியதும் பிள்ளைகள் கழித்துப் பார்த்து 272 என்றார்கள். "அப்ப ஒரு வருஷத்துல 272 கூடிருச்சா?" என்று கேட்டேன். ஆமாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவது ஆண்டில் கணக்கெடுத்த இடங்களும் கூடின என்ற வரியை அடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன தடவ போகாத மலையில முன்னாடியே இருந்திருக்கும்ல?" என்றான் ஒருவன். செய்தித்தாளில் வருகிற எண்ணை அப்படியே விழுங்கிவிடுகிற பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அஞ்சாம் வகுப்பிலேயே இந்தச் சந்தேகம் வரும் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் கரிபூவுக்குத் திரும்பினோம்.

முதலில் தாளைத் தரவில்லை. பேச்சுதான். பூமிப்பந்தில் கனடாவையும் அலாஸ்காவையும் காட்டினேன். "மெட்டுல மார்கழிக் குளிர் எப்படி இருக்கும்? அதவிடப் பல மடங்கு குளிர். தரை தெரியாம மாசக்கணக்குல பனி மூடிக் கெடக்கும். அப்ப அங்க இருக்க மான் எதத் தின்னும்?" என்று கேட்டேன். வைக்கோல் என்றார்கள், மரப்பட்டை என்றார்கள். தோண்டித் தின்னும் என்று ஒரு பெண் சொன்னாள். வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளைகள் கன்னடத்திலேயே சொல்லட்டும் என்று விட்டேன். அவர்களுக்குள்ளேயே ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்லிவிடுவார். தாளைத் திறப்பதற்கு முன்னால் விஷயம் வாயில் புழங்கிவிட வேண்டும். வேறு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இது கட்டாயம் தேவை.

அந்த லைக்கன் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அடுத்த டப்பாவிலேயே இருந்தது. கறிக்குழம்புக்கும் பிரியாணிக்கும் போடுகிற கல்பாசி ஒரு லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உயிர்போல வாழ்வது. பாறையிலும் மரத்திலும் படரும். கரிபூ தின்பது இதே இனம் இல்லை, இதன் வகையறா. ஒரு சிட்டிகை கல்பாசியை உள்ளங்கையில் வைத்ததும் பிள்ளைகள் மோந்து பார்த்தார்கள். "இது எங்க வீட்டுலயும் இருக்கு", "மெட்டுல மரத்துல கூட இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். 'லைக்கன்களை உண்கின்றன' என்ற அதே வாக்கியம், அதே பிள்ளைகள். இந்த முறை அது அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொன்னது.

அதன் பிறகு கரிபூவைப் பற்றி எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பனிமான் என்று வளர்க்கப்படுவதும் கரிபூவும் ஒரே இனம். அகலமான குளம்பு பனியில் புதையாமல் தாங்கும். அதே குளம்பால்தான் பனியைத் தோண்டும். கோடையில் பாதத்தின் உள்பகுதி மெத்தென்றிருக்கும். குளிர்காலத்தில் அது சுருங்கிக் கெட்டிப்பட்டு, குளம்பின் கூரான ஓரம் பனிக்கட்டியைக் கவ்விப் பிடிக்கும். "வரையாட்டுக்கு ஓரம் கெட்டி, இதுக்கும் ஓரம் கெட்டி!" என்று கண்டுபிடித்துக் கத்தினார்கள். ரோமத்துக்குள் காற்று நிறைந்திருப்பதால் குளிர் உள்ளே போகாது. ஆற்றை நீந்தும்போது மிதக்கவும் அது உதவும். நடக்கும்போது காலின் தசைநாண் எலும்பில் உரசி டிக் டிக்கென்று சத்தம் வரும். கோடையில் கொசுத்தொல்லை தாங்காமல் காற்றடிக்கும் மேட்டுக்கு ஓடும். பனிப்பிரதேசத்தில் கொசுவா என்று ஆச்சரியப்பட்டார்கள். அந்த ஆச்சரியத்தில்தான் அடுத்த பத்தியைத் தானாகக் கேட்டு வாங்கினார்கள்.

கொம்பு பற்றிய பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டுக்கும் வரையாட்டுக்கும் கொம்பு விழாது. கடமானுக்கு உதிர்ந்து மறுபடி முளைக்கும். அதுவும் ஆணுக்கு மட்டும். கரிபூவில் பெண்ணுக்கும் கொம்பு முளைக்கும். மான் குடும்பத்தில் இது கரிபூவுக்கு மட்டுமே உள்ள வழக்கம். ஆணுக்கு இனச்சேர்க்கைக் காலம் முடிந்து, குளிர்காலத் தொடக்கத்தில் கொம்பு விழுந்துவிடும். சினையாக இருக்கும் பெண்ணுக்கு வசந்தத்தில் கன்று ஈனும் காலம் வரை விழாது. இவ்வளவைத்தான் பத்தி சொன்னது. "ஏன் இப்படி?" என்று கேட்டேன். பனியைத் தோண்டித் தின்னும் என்ற பழைய வரியை ஒருத்தி நினைவுபடுத்தினாள். இன்னொருத்தி, "வயித்துல புள்ள இருக்குல்ல, அதுக்குத்தான் பசி ஜாஸ்தி. தோண்டி வச்ச தீனிய ஆம்பள மானு பிடுங்க வந்தா முட்டி வெரட்டணும்ல" என்றாள். விலங்கியல் அறிஞர்கள் சொல்கிற முக்கியமான விளக்கமும் அதுதான். ராசிங்காபுரத்தை விட்டு மெட்டுக்கு அப்பால் போகாத ஒரு சிறுமி, இரண்டு பத்திகளையும் தன் வீட்டு அறிவையும் முடிச்சுப்போட்டு அதைச் சொன்னாள்.

கடைசியாக இரண்டு விலங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தமிழ்நாட்டின் 1,303-ஐயும் கேரளத்தின் 1,365-ஐயும் கூட்டினால் 2,668. 2025 கணக்குப்படி வரையாடுகள் அவ்வளவுதான். அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் இடையே போய்வருகிற போர்குபைன் என்ற ஒரே ஒரு கரிபூ மந்தையில் மட்டும் 2017-இல் 2,18,000 இருந்தன. அப்படியானால் கரிபூவுக்கு ஆபத்தே இல்லையா? கிழக்குக் கனடாவில் ஜார்ஜ் ஆற்று மந்தை 1990-களில் ஏறக்குறைய 8 லட்சம் இருந்தது. 2018-இல் 5,500 ஆகிவிட்டது. இதைக் கேட்டதும் யாரும் பேசவில்லை. லட்சக்கணக்கில் இருப்பதும் ஒரு தலைமுறைக்குள் கரைந்துபோகும் என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டி வரவில்லை. இரண்டு எண்களை ஒப்பிட்டு அவர்களே அறிந்துகொண்டார்கள். பிறகு ஆளுக்கு ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒருவன் எழுதியது: 'வரையாடு ஒளிய பாறை வேணும். கரிபூ பொழைக்க தூரம் வேணும். ரெண்டயும் மனுசன் அடைச்சா ரெண்டும் போயிரும்.' பிழைகள் இருக்கத்தான் செய்தன. அந்த நோட்டில் சிவப்பு மையை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அரசு இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. கொரோனா விடுமுறை உண்டாக்கிய இடைவெளியை நிரப்ப 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2023-இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக அழகான சிறு புத்தகங்கள் பள்ளிகளுக்கு வந்தன. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் வருகின்றன. எழுத்தே பிடிபடாமல் இருந்த பிள்ளைகளை இவை வாசிப்பின் பக்கம் திருப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த படிதான் இப்போது முக்கியம். அசர் ஆய்வு மாதிரியான மதிப்பீடுகள் எழுத்து, சொல், பத்தி, கதை என்று சத்தமாக வாசிக்கும் திறனைப் பார்க்கின்றன. அது தேவைதான். ஆனால் கதையை வாசித்து முடித்த பிள்ளையின் தலைக்குள் என்ன போயிருக்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அதற்குக் கதை மட்டும் போதாது. தகவல் சொல்லும் உரைநடையும் வேண்டும். தமிழ்ப் பாடவேளை மட்டும்தான் வாசிப்பு வகுப்பு என்ற எண்ணம் போக வேண்டும். அறிவியலும் சமூக அறிவியலும்தான் பிள்ளைக்குப் பின்னாளில் எதையும் வாசித்துப் புரிந்துகொள்ளும் சரக்கைத் தருகின்றன. தமிழும் கணக்கும் தேறட்டும் என்று அந்தப் பாடவேளைகளைப் பிடுங்கினால் கடைசியில் தமிழ் வாசிப்பும் நின்றுபோகும்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள். முதலில், பிள்ளைக்குத் தெரிந்த ஒன்றை ஒட்டிய பொருளை எடுங்கள். அதிலேயே ஒன்றிரண்டு வாரம் நில்லுங்கள். தாளைக் கொடுப்பதற்கு முன் பேசவிடுங்கள். எந்த மொழியில் பேசினாலும் சரி. பத்தியில் காரணத்தைச் சொல்லாமல் ஓரிடத்தையாவது விட்டுவையுங்கள். வரியை அப்படியே எடுத்து எழுதினால் போதும் என்கிற கேள்வி ஒன்றுக்கு மேல் வேண்டாம். பிள்ளை சொன்ன விடை சரியோ தப்போ, "எந்த வரியப் பார்த்து அப்படிச் சொல்ற?" என்று கேட்டே தீருங்கள். தப்பான விடைக்கும் பல நேரம் ஒரு நியாயமான காரணம் இருக்கும். அதைக் கேட்டால்தான் எங்கே வழி தவறியது என்று தெரியும். தொட்டுப் பார்க்கிற பொருள் ஒன்றாவது பக்கத்தில் இருக்கட்டும். தெரிந்த விலங்கோடு முடித்துவிடாதீர்கள். அதன் தோளில் ஏற்றி, தெரியாத ஒன்றைக் கட்டாயம் காட்டுங்கள்.

தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குப் பாக் விரிகுடாவின் கடற்பசு இருக்கிறது. 2022-இல் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் அங்கேதான் அமைந்தது. வேதாரண்யத்துக்காரர்களுக்குக் கோடியக்கரை வெளிமான், மன்னாரில் இருக்கிறவர்களுக்கு அங்கே வந்துபோகும் பூநாரை. அந்தந்த ஊர்ப் பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து வரியில் ஒரு பத்தி, நாலு நல்ல கேள்வி எழுத அந்தந்த ஊர்க்காரரைவிடப் பொருத்தமானவர் யார்? எழுதுங்கள். எழுதியதை உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர் கையில் கொடுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் ஒன்றே ஒன்று செய்தால் போதும்: இன்றைக்கு ராத்திரி உங்கள் பிள்ளை பாடத்தை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, "இதுல உனக்கு என்ன புரிஞ்சது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.